மாப்பிள்ளை ஏன் ஒல்லியானார்? டிவிடிஸ்டைலரும் நானும்

அண்ணன் மகள் கல்யாணம் தை மாதம் ரங்கூனில் நடந்தது, அனவ்ரத்தா சாலைப் பெருமாள் கோவிலில். அம்மாவுக்கு வயது 83. மோல்மேன் ஊரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாது. அதனால் கல்யாண வீடியோவை டிவிடியாகப் போட்டு அனுப்பி வைத்தோம். மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஏண்டி, மாப்பிள்ளப் பையனுக்கு ஒடம்புக்கு ஏதாவது இருக்கா? இப்படி வத்திப்போயிருக்கான். உங்கண்ணன் நல்லா விசாரிச்சுத்தான் பொண்ணக் குடுத்தானா?"

மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. டிஸ்குக்குத்தான் வியாதி. அதைக் குணமாக்க நான் பட்ட பாட்டையும், கடைசியில் கைகொடுத்த டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளையும் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இந்தக் காலத்தில் யார் டிவிடி போடுகிறார்கள், பென் டிரைவில் கொடுத்தால் போதாதா?" என்று அண்ணன் மகனே கேட்டான். அம்மாவின் டிவி 21 அங்குல டியூப் டிவி. அதன் முதுகில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள்தான் உண்டு. பென் டிரைவுக்கு இடமே இல்லை. போனில் பார் என்றால், கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அந்தச் சின்னத் திரை ஆகாது. டிவிடி பிளேயர் மட்டும் அவளுக்குப் பழகிய சாமான். மீ பியெட் ஆனாலும், அதாவது கரண்ட் போனாலும், பேட்டரி இன்வெர்ட்டரில் டிவியையும் பிளேயரையும் ஓட்டிவிடுவாள். பர்மாவில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதல் டிஸ்கை நான் போடவில்லை. நடுநகரில் ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம், பையன் நல்லவன். ஒரு டிஸ்குக்கு 5,000 சாட் வாங்கினான். அம்மாவின் போன் வந்த மறுநாள் டிஸ்கின் நகலை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவன் தன் கடை டிவியில் போட்டுக் காட்டினான். மாப்பிள்ளை ஜம்மென்று இருந்தார். "சயாமா, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. உங்கம்மா டிவியிலதான் கோளாறு" என்றான். சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர். எனக்கும் பேச வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து என் 32 அங்குல எல்சிடியில் போட்டேன். அங்கேயும் நன்றாகவே இருந்தது.

இங்கேதான் சூட்சுமம். கடை டிவியும் என் டிவியும் அகலத் திரை. இரண்டிலும் படத்தின் வடிவம் 'ஃபுல்' என்று வைக்கப்பட்டிருந்தது. அப்படி வைத்தால் வருகிற படம் எதுவானாலும் டிவி அதை இழுத்துத் திரை முழுக்கப் பரப்பிவிடும். ரிமோட்டை எடுத்து 4:3 என்று, அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற பழைய டிவி வடிவத்துக்கு மாற்றினேன். மாப்பிள்ளை பனைமரமானார். மண்டபச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், அது முட்டையாகிவிட்டது. படத்தை நிறுத்தி ஸ்கேலை வைத்து அளந்தேன். உயரம் 8 சென்டிமீட்டர், அகலம் 6. நாலில் மூன்று பங்கு.

அந்த நாலில் மூன்று கண்ணில் பட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. கேமராவில் எடுத்த வீடியோ 1920க்கு 1080 புள்ளி, அதாவது 16:9 என்ற அகலத் திரை வடிவம். அதை அப்படியே அமுக்கி, டிஸ்கில் 4:3 என்று முத்திரை குத்திவிட்டான் பையன். 4/3ஐ 16/9ஆல் வகுத்தால் சரியாக 3/4 வரும். கடையில் அவன் டிவி அதைத் திருப்பி இழுத்ததால், ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடி மறைத்துவிட்டது. அம்மாவின் டியூப் டிவிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, வந்ததை வந்தபடி காட்டியது. பெரிய டிவி பொய் சொல்லியிருக்கிறது, கிழட்டு டிவி உண்மையைச் சொல்லியிருக்கிறது.

டிவிடியின் உள் கணக்கு தெரியாதவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். நம் ஊர் டிவி முறையான என்டிஎஸ்சியில் ஒரு டிவிடிப் படம் 720க்கு 480 புள்ளிகள். 720ஐ 480ஆல் வகுத்தால் ஒன்றரை. ஆனால் 4:3 என்பது 1.33, 16:9 என்பது 1.78. அப்படியென்றால் டிஸ்கில் இருக்கிற படம் இது இரண்டுமே இல்லை! புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து, மேலே 'ஆறு கஜம்' அல்லது 'ஒன்பது கஜம்' என்று சீட்டு ஒட்டுவது போலத்தான். உள்ளே மடிப்பு ஒன்றுதான். சீட்டைப் பார்த்துத்தான் பிளேயர் விரிக்கும். சீட்டுத் தப்பானால் விரிப்பும் தப்பு. அகலப் படத்துக்கு 4:3 சீட்டு ஒட்டினால் எல்லோரும் ஒல்லி. பழைய சதுர வாட்டப் படத்துக்கு 16:9 சீட்டு ஒட்டினால் எல்லோரும் குண்டு.

என்டிஎஸ்சி என்றேன். 1980இல் இங்கே டெலிவிஷன் வந்தபோதே அமெரிக்கா, ஜப்பான் மாதிரி அந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவும் தாய்லாந்தும் பால் முறை. குடிக்கிற பால் இல்லை, இது 720க்கு 576, நொடிக்கு 25 படம். நம்முடையது நொடிக்கு 29.97 படம். சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் டிஸ்குகள் இப்போதைய சீனப் பிளேயர்களில் ஓடிவிடும். ஆனால் பழைய டிவி சில நேரம் கறுப்பு வெள்ளையாகக் காட்டும், இல்லையென்றால் படம் உருளும். நாமே போடும்போது என்டிஎஸ்சி என்று தேர்ந்தெடுப்பதே நிம்மதி.

இவ்வளவையும் கடைப் பையனிடம் சொன்னேன். கடிகாரத்தின் அளவையும் காட்டினேன். பாவம், காசு வாங்காமல் இன்னொரு டிஸ்க் போட்டுக் கொடுத்தான். அதுவும் மோல்மேன் போனது. மறுபடி போன்.

"இப்ப மாப்பிள்ள நல்லாயிட்டான். ஆனா உங்கண்ணன் எங்கடி? தாரை வாக்குற எடத்துல அவன் கை மட்டுந்தான் வருது."

இரண்டு பக்கமும் வெட்டிவிட்டிருக்கிறான்! 1920 புள்ளி அகலத்தில் இடப்பக்கம் 240, வலப்பக்கம் 240 போய் நடுவில் 1440 மட்டும் மிச்சம். வடிவம் சரிதான், திரையும் நிறைந்துவிட்டது, கறுப்புப் பட்டையும் இல்லை. பெண்ணைப் பெற்றவன்தான் இல்லை. ஓரத்தில் நின்ற அண்ணன் மணிக்கட்டோடு போய்விட்டான். இதற்கு மேல் அந்தப் பையனைத் தொந்தரவு செய்ய மனசு வரவில்லை.

டியூஷனுக்கு வருகிற ஒரு பிள்ளைதான் டிவிடிஸ்டைலரைச் சொன்னது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உள்ளே வீடியோவை மாற்றுகிற வேலையை எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. தோற்றம் பழைய காலத்துது, பளபளப்பு கிடையாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பளபளப்பானவை என்று நான் இறக்கிப் பார்த்த இரண்டு மூன்று மென்பொருள்கள் எல்லாவற்றையும் 'தானாகவே' செய்வதாகச் சொல்லிவிட்டு வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது திறந்தவுடனேயே கேட்கிறது: டிஸ்க் எவ்வளவு பெரியது, பாலா என்டிஎஸ்சியா, 4:3ஆ 16:9ஆ. பொண்ணு பார்க்க வந்தவர்கள் கோத்திரம் கேட்கிற மாதிரி முதலிலேயே கேட்டுவிடுவது எனக்குப் பிடித்தது.

கோப்புகளை இழுத்துக் கீழே போட்டால் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றின் பண்புகளையும் திறந்தால் விகிதத்தைக் காப்பாற்று என்று ஒரு குறிப்பெட்டி, கறுப்பு ஓரம் எத்தனை புள்ளி என்று நாலு கட்டம், வெட்டுவதற்கு நாலு கட்டம். மொத்த வித்தையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வெட்டுகிற கட்டங்களில் எல்லாம் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அண்ணனை மறுபடி தொலைக்கக் கூடாதே.

இனி 4:3ஆ 16:9ஆ என்ற கேள்வி. நியாயமாக 16:9 என்று போடுவதுதான் நல்லது. 480 வரியும் முழுதாகப் படத்துக்குக் கிடைக்கும், அகல டிவியில் நிறைந்து வரும். பழைய சதுர டிவி வைத்திருப்பவர்கள் பிளேயரின் அமைப்பில் போய் டிவி வகை '4:3 லெட்டர்பாக்ஸ்' என்று ஒரு தடவை மாற்றிவிட்டால் போதும், மேலும் கீழும் கறுப்பு விட்டுச் சரியான வடிவத்தில் காட்டும். அந்த இடத்தில் 'பான் ஸ்கேன்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் பக்கங்கள் வெட்டுப்படலாம். '16:9' என்று இருந்தால் சதுர டிவியில் மறுபடி எல்லோரும் ஒல்லி. டிஸ்க் சரியாக இருந்தும் பிளேயர் கெடுக்கும் இடம் இது. டிஸ்க் போட்டவனைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அக்காவுக்குப் போன் போட்டு, பிளேயர் ரிமோட்டை எடுத்து அமைப்புக்குப் போ என்றேன்.

"ரிமோட்டா? அது போன மழையிலேயே போச்சு."

பிளேயரின் முகத்தில் இருக்கிற பொத்தான்களால் அமைப்புக்குள் போக வழியில்லை. ஆகவே அம்மாவுக்கென்று தனி டிஸ்க். 4:3 என்று முத்திரை குத்தி, கல்யாணப் படத்தை முழுதாக உள்ளே வைத்து, மேலே 60 வரி கீழே 60 வரி கறுப்பு. படத்துக்கு 480இல் 360 வரிதான் மிஞ்சும், கொஞ்சம் கூர்மை போகும். 21 அங்குலத்தில் 83 வயதுக் கண்ணுக்கு அது தெரியாது. எந்தப் பிளேயர், எந்த அமைப்பு என்ற கவலையில்லாமல் சதுர டிவியில் கடிகாரம் வட்டமாகவே வரும். மற்ற சொந்தக்காரர்களுக்கு 16:9இல் ஒன்று.

அண்ணன் மகன் போனை நட்டுக்குத்தாக நிறுத்தி எடுத்த ஊர்வலத் துண்டு ஒன்றும் இருந்தது. அதைச் சரியான வடிவத்தில் வைத்தால், 4:3ஆக விரித்த 640க்கு 480 புள்ளித் திரையில் 270 புள்ளி அகலம்தான் வருகிறது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த மாதிரி. தம்பிகளா, தங்கைகளா, கல்யாண வீட்டில் போனைப் படுக்க வைத்து எடுங்கள்.

என்னை அதிகமாகப் படுத்தியது கல்யாணம் இல்லை. 2006இல் ஆற்றுக்கு அக்கரையில் பீலிக்கான் திருவிழாவில் எடுத்த நாலு நிமிடப் படம். அப்பா காவடி எடுத்து வருகிறார். சின்னக் கேம்கார்டர் கேசட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அப்போதே கோப்பாக மாற்றிக் கொடுத்திருந்தார். அதையும் அம்மாவின் டிஸ்கில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் ஓட்டினால் அப்பா கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருந்தார். சித்தப்பா ஜாடை. முதலில் எனக்கே சந்தேகம், அப்பா அப்போது அப்படித்தான் இருந்தாரா என்று.

அப்பா பின்னால் ஒரு சைக்கா வண்டி, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, பக்கவாட்டில் நிற்கிறது. அதன் சக்கரத்தை அளந்தேன். உயரத்தை விட அகலம் எட்டில் ஒரு பங்கு கூட. கோப்பு 720க்கு 480. உள்ளே விகிதச் சீட்டு எதுவும் இல்லை. அதனால் கம்ப்யூட்டர் புள்ளி எல்லாவற்றையும் சதுரம் என்று எடுத்துக்கொண்டு ஒன்றரை வாட்டத்தில் விரித்துவிட்டது. 1.5ஐ 1.33ஆல் வகுத்தால் ஒன்றே எட்டில் ஒன்று. அப்பா குண்டாகவில்லை, கம்ப்யூட்டர் குண்டாக்கியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கல்யாணப் படத்துக்கு உதவிய அதே 'விகிதத்தைக் காப்பாற்று' இங்கே காலை வாரிவிடும். எதைக் காப்பாற்றும்? தப்பான ஒன்றரையைத்தான். மேலும் கீழும் 26, 27 வரி கறுப்பு போட்டு, குண்டு அப்பாவை அப்படியே பத்திரப்படுத்தும். இந்த ஒரு துண்டுக்கு மட்டும் அந்தக் குறியை எடுத்துவிட்டு, ஓரக் கட்டங்களிலும் பூஜ்யம் போட்டேன். 720க்கு 480ஆக வந்தது 720க்கு 480ஆகவே உள்ளே போய், டிஸ்கின் 4:3 சீட்டைப் பார்த்துப் பிளேயர் சரியாக விரிக்கும். மற்றவர்களுக்கான 16:9 டிஸ்கில் இதே துண்டை நடுவில் 540 புள்ளி அகலத்தில் வைத்து, இரண்டு பக்கமும் 90 புள்ளி கறுப்பு விட்டேன். என்ன கோப்பு வருகிறது என்று தெரியாமல் எந்தப் பெட்டியிலும் குறி போடாதீர்கள். விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் கோப்பைத் திறந்து கோடெக் விவரம் பார்த்தால் புள்ளிக் கணக்கு அங்கே இருக்கும்.

இனி வேகம். என் மடிக்கணினி பழசு. மொத்தம் 112 நிமிடப் படம். 4.7 ஜிபி டிஸ்கில் நொடிக்கு 5 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும் என்று கணக்கு வந்தது, அது போதும். மாற்றி முடிக்க மூன்றரை மணி நேரம். முதல் தடவை இரண்டரை மணியில் மீ பியெட். என் பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும். எல்லாம் போய் முதலிலிருந்து. இரண்டாம் தடவை கரண்ட் அட்டவணையைப் பார்த்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போட்டேன். நேரே டிஸ்கில் எழுதச் சொல்லாமல், முழு டிஸ்கையும் ஒரே கோப்பில் அடக்கும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, விஎல்சியில் ஓட்டிக் கடிகாரத்தையும் சைக்கா சக்கரத்தையும் ஸ்கேலால் அளந்தேன். இரண்டும் வட்டம். அதற்குப் பிறகுதான் அழித்து அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றில் எழுதி, அடுத்த வீட்டுப் பெரியவரின் டியூப் டிவியில் ஓட்டிப் பார்த்தேன். அதுவும் சரியாக வந்தபின் நல்ல டிஸ்கில், வேகத்தைக் குறைத்து எழுதினேன்.

மெனு செய்வதில் டிவிடிஸ்டைலர் கெட்டி. பின்னணிப் படம், பொத்தான், எழுத்து எல்லாம் நம் இஷ்டம். தமிழ் எழுத்துக்கு நான் ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டேன். தலைப்பை வேறொரு மென்பொருளில் படமாகச் செய்து பின்னணியாக வைத்துவிட்டேன். டியூப் டிவி நாலு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கும், அதனால் எழுத்தை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பெண் மாப்பிள்ளை படம், குத்துவிளக்கு, 'கல்யாணம்', 'அப்பா' என்று இரண்டு பொத்தான். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்: அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. ஒரு சொடுக்கில் முடிய வேண்டுமென்றால் வேறு பாருங்கள். கேட்கிற கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லப் பொறுமை இருந்தால், காசு கொடுத்து வாங்குகிற எதையும் விட இதை நம்புவேன். செலவு, வெற்று டிஸ்குகளும் என் தூக்கமும்.

அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் மோல்மேன் பஸ்ஸில் பார்சல் போட்டேன். அம்மாவின் போன் வந்தது. மேலேயும் கீழேயும் கறுப்பாக இருக்கிறதே, டிவி கெட்டுப்போய்விட்டதா என்றாள். இல்லை, அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அண்ணன் முழுசாக வந்துவிட்டான். மாப்பிள்ளை?

"நல்லாத்தான் இருக்கான். என்ன, கொஞ்சம் குள்ளம்."

அப்பா படத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அக்கா தனியாகப் பேசினாள். ரிமோட் இல்லாததால் மெனுவில் இரண்டாவது பொத்தானுக்குப் போக முடியவில்லையாம். பிளேயரில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் கல்யாணம்தான் ஓடுகிறதாம். அதனால் அம்மா தினமும் கல்யாணத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, அப்பா வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாளாம். நடுவில் கரண்ட் போய் இன்வெர்ட்டரும் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

ரிமோட் இல்லை என்று தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனு செய்தவள் நான். இப்போது மெனுவே இல்லாமல், போட்டவுடன் அப்பா வருகிற மாதிரி நாலு நிமிட டிஸ்க் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பஸ் வெள்ளிக்கிழமை.